ஞாயிற்றுக்கு முன் முடிய வேண்டிய கணக்கு

டேவென்டர் ஊரின் பிரிங்க் சதுக்கத்துச் சந்தைக்கு வருகிறவர்கள் ஹார்மினாவை முதலில் காதால்தான் சந்திப்பார்கள்.

"வாங்க, வாங்க! நேத்து வரைக்கும் கடல்ல நீந்திட்டிருந்தது. இன்னிக்கு உங்க வீட்டுக்குத்தான் வருவேன்னு அடம் பிடிக்குது!"

பூக்கடையையும் பழக்கடையையும் தாண்டி வரும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே போனால், நீலக் கோடு போட்ட கூரைத் துணிக்கு அடியில் அவள் நிற்பாள். ஐம்பத்தைந்து வயது, உருண்டையான முகம், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. கையில் ஒரு சின்னக் கத்தி. பேசிக்கொண்டே, உப்பில் ஊறவைத்துப் பச்சையாகவே தின்னும் ஹாரிங் மீன் ஒன்றின் முள்ளை உருவி எடுத்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை மேலே தூவி, வாலைப் பிடித்து நீட்டுவாள். வாங்குகிறவர் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது, "தம்பி, டையைக் கொஞ்சம் ஓரமா தள்ளுங்க, அதுக்கு வெங்காயம் பிடிக்காது" என்பாள்.

அவள் பிறந்தது உர்க் ஊரில். ஒரு காலத்தில் தீவாக இருந்து, பிறகு கடலை அணை கட்டி அடைத்தபோது நிலத்தோடு ஒட்டிக்கொண்ட மீனவர் ஊர் அது. டேவென்டர் தச்சர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. குரலும் கத்தி வித்தையும் உர்க் கொடுத்தவை. கூடவே ஞாயிற்றுக்கிழமையையும் அவள் அங்கிருந்துதான் கொண்டுவந்தாள். உர்க்கில் ஞாயிறு அன்று ஒரு படகு கூடக் கடலுக்குப் போகாது. வாங்கலும் இல்லை, விற்றலும் இல்லை. கோயிலுக்குப் போவார்கள், சூப் குடிப்பார்கள், சொந்தக்காரர்கள் வீட்டுக்கு நடந்தே போய் வருவார்கள். டேவென்டர்காரர்கள் ஞாயிறு அன்று கடைக்குப் போகிறார்கள், புல் வெட்டுகிறார்கள், கார் கழுவுகிறார்கள். ஹார்மினா அதை ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை. ஆனால் அவளுடைய ஞாயிறு அவளுடையது. அதில் காசு நுழையக் கூடாது.

பல வருடம் அவள் கடையில் கார்டு மிஷின் இல்லாமலே வியாபாரம் நடந்தது. வாளி நிறைய நாணயத்தோடு திங்கட்கிழமை வங்கிக்குப் போவாள். ஒரு நாள் அந்த வங்கிக் கிளையை மூடிவிட்டுக் கண்ணாடிக் கடை ஆக்கிவிட்டார்கள். அடுத்த வாரமே பக்கத்துக் கடை வோல்டர், அவளுக்கு ஒரு மிஷினை வாங்கிக் கையில் திணித்தான்.

வோல்டர் பாலாடைக்கட்டி விற்கிறவன். நெடுநெடு என்று ஒட்டகம் மாதிரி உயரம். இருபது வருடமாக இருவரும் அடுத்தடுத்த கடை. இருபது வருடமாகச் சண்டை. உன் மீன் வாடை என் கட்டியில் ஏறுகிறது என்பான் அவன். உன் கட்டி நாற்றத்தில் என் மீன் மறுபடியும் ஒரு தடவை சாகிறது என்பாள் இவள். வாடிக்கையாளர்கள் இந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே இரண்டு வரிசையிலும் நிற்பார்கள்.

மிஷின் வந்த முதல் வாரம் நடந்த கூத்தை வோல்டர் இப்போதும் ஆளுக்கு ஆள் சொல்லிக் காட்டுவான். ஒவ்வொரு 'பீப்' சத்தத்துக்கும் பணம் நேராகத் தன் கணக்கில் விழுகிறது என்று ஹார்மினா நினைத்துக்கொண்டாள். சந்தை முடிந்ததும் விளக்கை அணைக்கிற மாதிரி மிஷினை அணைத்து, மீன் தட்டுகளோடு கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போவாள். வாரம் முடிந்தும் கணக்கில் ஒரு காசு ஏறவில்லை.

"இந்தப் பெட்டி என் பணத்தைத் தின்னுடுச்சு வோல்டர்!"

"தின்னல. வயித்துல வச்சிருக்கு. பீப்னா பணம்னு உனக்கு யாரு சொன்னா? பீப்னா வாக்கு. 'இந்த ஆளுக்காக நான் தர்றேன்'னு அவங்க பேங்க் சொல்ற வாக்கு. நாள் பூரா அந்த வாக்கையெல்லாம் மிஷின் சேத்து வச்சுக்கும். சாயங்காலம் அன்னன்னிக்குக் கணக்கை முடிச்சு, மூட்டை கட்டி அனுப்பணும். அப்பத்தான் அவங்க கூலியைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை உன் கணக்குல போடுவாங்க. நீ மூட்டையே கட்டலையே."

"அப்ப ஒரு வாரமா ஊருக்கே ஓசியில மீன் போட்டேனா?"

"எனக்கு மட்டும் போடல. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

மிஷினை அணைக்காமல் விட்டால் அதுவே ராத்திரியில் தானாக மூட்டை கட்டிவிடும் என்று வோல்டர் சொல்லிக்கொடுத்தான். ஹார்மினாவும் அப்படியே விட்டாள். ஞாயிறு காலை கோயிலுக்குக் கிளம்பும்போது சமையலறை மேசையில் மிஷின் ஒரு சீட்டைத் துப்பியிருந்தது. நாள் கணக்கு முடிந்தது, நேரம்: ஞாயிறு, நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம். அவளுக்குக் காப்பி இறங்கவில்லை. திங்கள் விடிந்ததும் மிஷின் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"அந்தத் தானா முடிக்கிறதை நிறுத்துங்க. நானே சனிக்கிழமை சாயங்காலம் பட்டனை அமுக்கிக்கிறேன்."

"தானா நடக்கிறதுதாங்க வசதி," என்றான் மறுமுனையில் இருந்த பையன். "எதுக்கு நிறுத்தணும்?"

"அது ஞாயித்துக்கிழமை வேலை செய்யுது."

"மிஷினுக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை?"

"மிஷினுக்கு இல்ல தம்பி. ஆனா மிஷின் என்னுது."

அன்றிலிருந்து சனிக்கிழமை ஐந்து மணிக்கு, கடைசி வாடிக்கையாளர் போனதும், ஹார்மினா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அமுக்குவாள். மிஷின் கிர்ரென்று நீளமாகச் சீட்டு அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் வோல்டர், "ஹார்மினா மணி அடிச்சிட்டா!" என்று கத்துவான். உடனே வரிசை முழுக்க மிஷின்கள் கிர்ரிடும். கூரைத் துணிகள் இறங்கும். ஹார்மினா மணி அடிக்கும் முன் யாராவது கூரையைப் பிரித்தால் அந்தக் கடைக்காரருக்கு அடுத்த வாரம் முழுக்கக் கிண்டல்தான்.

இந்த ஏற்பாடு ஒரே ஒரு சனிக்கிழமை தடுமாறியது.

ஜூன் மாதம். புது ஹாரிங் வந்திறங்கிய முதல் சனிக்கிழமை. வருடம் பூராவும் ஹாரிங் கிடைக்கும். ஆனால் கோடைத் தொடக்கத்தில் கொழுப்பேறிப் பிடிபடும் புது மீனுக்கு இருக்கிற மவுசே வேறு. வேலைக்குப் போகிறவர்கள், கல்யாண வீட்டார், நாயோடு நடக்க வந்தவர்கள் என்று ஊரே வரிசையில் நிற்கும். ஹார்மினா பீப்பாய் பீப்பாயாக முன்கூட்டியே காசு கொடுத்து எடுத்திருந்தாள். இந்த ஒரு நாள் நன்றாகப் போனால் கோடை முழுவதும் மூச்சு விடலாம். போகாவிட்டால் பனிக்காலச் சேமிப்பில் கை வைக்க வேண்டும்.

நன்றாகத்தான் போனது. வெயிலும் இருந்தது, காற்றும் இருந்தது. வோல்டர் தன் பங்குக்கு, "மீன் வரிசை நீளமா இருக்கு, சும்மா நிக்கிற நேரத்துல ஒரு துண்டு கட்டி வாங்குங்க" என்று அவளுடைய வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணி வாக்கில் மிஷினின் சத்தம் மாறியது. எப்போதும் பளிச்சென்று ஒரு பீப் அடிக்கும். இப்போது தொண்டை கட்டியது மாதிரி இரண்டு தடவை அடித்தது. திரையில், தொடர்பு இல்லை, சேமித்து வைக்கப்பட்டது என்று வந்தது.

எதிர் வரிசையில் ஆலிவும் கொட்டைப் பருப்பும் விற்கும் நஜாத் எட்டிப் பார்த்தாள். முப்பது வயசுப் பெண். சந்தையிலேயே மிஷின் சூட்சுமம் தெரிந்தவள். "எனக்கும் அப்படித்தாங்க ஹார்மினா. ஊருக்குள்ள டவர் போயிடுச்சு போல. என் போனும் செத்துக் கிடக்கு."

"இப்ப கார்டு வாங்கறதா வேண்டாமா?"

"வாங்குங்க. ஆனா ஒண்ணு. மத்த நாள்ல மிஷின் ஒவ்வொரு தடவையும் பேங்க்கைக் கேட்டுட்டுத்தான் சரின்னு சொல்லும். இப்ப கேக்காமலே எழுதி வச்சுக்குது. இன்னிக்கு எழுதினதை நாளைக்கு இதே நேரத்துக்குள்ள அனுப்பிடணும். விட்டா ஒவ்வொண்ணா அழிஞ்சிடும்."

"சாயங்காலம் அனுப்பிடுவேனே," என்றாள் ஹார்மினா. கத்தி நிற்கவே இல்லை.

இரட்டை பீப், இரட்டை பீப் என்று நாள் முழுக்க ஓடியது. மதியத்துக்கு மேல் பீப்பாய்களின் அடி தெரிய ஆரம்பித்தது. ஐந்து மணிக்கு ஹார்மினா கையைக் கழுவினாள், துடைத்தாள், பட்டனை அமுக்கினாள்.

சீட்டு வரவில்லை. தொடர்பு இல்லை, பிறகு முயலவும் என்றது திரை. மறுபடி அமுக்கினாள். மறுபடி அதேதான்.

மணி அடிக்காததால் வரிசையில் யாரும் கூரையைப் பிரிக்கவில்லை. வோல்டர் வந்து நின்றான். நஜாத் வந்தாள். சந்தை மேற்பார்வையாளர் கெர்லோஃபும் வந்தார். கடை வாடகை வசூலிக்கிற அவருடைய மிஷினும் அதே கதைதான். அவர் தேவாலயத்துப் பக்கம் இருந்த பழைய தொலைபேசியிலிருந்து கம்பெனிக்குப் பேசிவிட்டு வந்திருந்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டவரைச் சரி பண்ணிடுவாங்களாம். நமக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ராத்திரி மிஷினை அணைக்காம விடுங்க. தொடர்பு வந்ததும் தானா போயிடும்."

எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக ஹார்மினாவைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு ஞாயிறு," என்றாள் அவள்.

"ஹார்மினா," வோல்டர் மெல்ல ஆரம்பித்தான். "ஒரு தடவை. ஒரே ஒரு பட்டன்."

"முடியாது."

"சரி, நீ அமுக்க வேண்டாம். மிஷினை எங்கிட்ட குடு. நான் எப்பவோ கோயில் பக்கம் போறதை விட்டவன். என் விரலுக்குப் பாவம் புண்ணியம் கிடையாது."

"விரல் உன்னுது. காசு யாருது?"

"உன்னுது."

"அப்ப ஞாயித்துக்கிழமை யாரு வியாபாரத்தை முடிக்கிறது? நான்தான். உன் விரலை வாடகைக்கு எடுத்தா மட்டும் அது சரியாயிடுமா?"

"திங்கக்கிழமைக்குள்ள அத்தனையும் அழிஞ்சிடுமே! இன்னிக்கு எவ்வளவு வித்திருக்கே தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு மீனையும் அவள்தானே உரித்தாள். சட்டென்று உட்காரத் தோன்றியது. காலிப் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்ததை அந்தச் சந்தையில் யாரும் பார்த்ததில்லை.

"அப்பா சொல்லுவாரு," என்றாள் அவள், யாருக்கென்று இல்லாமல். "சனிக்கிழமை ராத்திரி கரை சேராத வலையில எவ்வளவு மீன் இருந்தாலும் அது நம்ம மீன் இல்லைம்பாரு. அறுத்து விட்டுட்டு வந்திருக்காரு. நான் பாத்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, காது தொங்கும் நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "ஐயோ, முடிஞ்சிடுச்சா? ஒரே ஒரு ஹாரிங் குடுங்களேன். காலையிலிருந்து நினைச்சிட்டே இருக்கேன்."

தட்டில் கடைசியாகக் கிடந்ததில் ஒன்றை எடுத்து உரித்தாள் ஹார்மினா. எந்தக் கவலையிலும் மீன் கேட்டவரைத் திருப்பி அனுப்ப அவளால் முடியாது. அந்தப் பெண்மணி கார்டை மிஷின் மேல் வைத்தாள். தொண்டை கட்டின இரட்டை பீப்.

"என்ன ஆச்சு இதுக்கு? இப்பத்தான் அக்கரையில ஐஸ்கிரீம் வாங்கினேன். அங்க நல்லா அடிச்சுதே."

ஹார்மினா எழுந்தாள். "எந்தக் கரை?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். பூங்காவுல."

பீப்பாய் உருண்டது. ஹார்மினா மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு, செதில் ஒட்டிய ஏப்ரனோடு நடக்க ஆரம்பித்தாள். நடை இரண்டு கடை தாண்டுவதற்குள் ஓட்டமானது.

"யோவ் கெர்லோஃப்! கடையைப் பாத்துக்க!" என்று அவள் திரும்பாமலே கத்தினாள்.

"நானும் வர்றேன்," என்று வோல்டர் தன் மிஷினை எடுத்தான்.

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் நாளைக்குத் தானா போகுமே!"

"நீ மணி அடிக்காம நான் எப்படிக் கடையைக் கட்டறது? இந்த மிஷின் வந்ததுலேருந்து இல்லாத வழக்கம்!"

நஜாத் மிஷினை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். பூக்காரர் வந்தார். பழக்கடைத் தம்பதி வந்தார்கள். கெர்லோஃப் தன் மிஷினையும் நஜாத்திடம் தூக்கிப் போட்டு, "என்னுதையும் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வா!" என்றார். மொத்த வரிசையும் பிரிங்க் சதுக்கத்திலிருந்து சரிவுத் தெரு வழியாக ஐசல் ஆற்றை நோக்கி இறங்கியது. வெளியே மேசை போட்டு பீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள், ஏப்ரன் கட்டிய இந்த ஊர்வலத்தைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

பாலம் வழியாகப் போனால் சுற்று. படித்துறையில் சின்னப் படகு நின்றது. படகுக்காரர் எக்பெர்ட் வெள்ளைத் தாடிக்காரர். எதற்கும் அவசரப்பட மாட்டார்.

"எக்பெர்ட், அக்கரையில கார்டு வேலை செய்யுதா?" ஹார்மினாவுக்கு மூச்சு வாங்கியது.

"நல்லா கேட்டீங்க. காலையிலிருந்து என் பிழைப்பே சிரிப்பா சிரிக்குது. அந்தக் கரையில மிஷின் அடிக்குது, இந்தக் கரையில அடிக்க மாட்டேங்குது. அதனால அங்கிருந்து வர்றவங்க காசு குடுக்கறாங்க, இங்கிருந்து போறவங்க ஓசியில போறாங்க. அதைத் தெரிஞ்சுக்கிட்டு பாதி ஊரு இங்கிருந்து படகுல போயிட்டு, பாலத்துல நடந்து திரும்பி வருது."

"அப்ப எங்களுக்கும் ஓசியா?" என்றான் வோல்டர் ஆவலாக.

"மத்தவங்களுக்கு ஓசி. உன் உயரத்துக்கு ரெண்டு டிக்கெட்."

படகு நிறைந்து, நகர்ந்தது. ஹார்மினா முன் முனையில் போய் நின்று, மிஷினை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். திரையின் மூலையில் தொடர்புக் கோடு ஒன்று கூட இல்லை. ஆறு அகலமாக, பழுப்பாக, சாவதானமாக ஓடிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் சரக்குக் கப்பல் ஒன்று குறுக்கே வர, எக்பெர்ட் எஞ்சினைத் தணித்து அதற்கு வழி விட்டார்.

"முந்திப் போங்க எக்பெர்ட்!"

"அது ஆயிரம் டன் மணலுங்க. உங்க மிஷினை மதிக்காது."

கப்பலின் அலை படகைத் தூக்கிப் போட்டது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து மிஷின்களை மட்டும் உயர்த்திப் பிடித்தார்கள். அக்கரையில் புல்லில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, ஒரு படகு நிறையக் கறுப்புப் பெட்டிகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வருகிற கூட்டத்தைப் பார்த்து என்ன தோன்றியிருக்குமோ தெரியாது. சில பேர் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

ஒரு கோடு வந்தது. இரண்டு. படகு கரையில் முட்டியதும் மூன்று.

ஹார்மினா இறங்கக் கூட இல்லை. படகின் விளிம்பில் நின்றபடியே பட்டனை அமுக்கினாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. எல்லோரும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள். பிறகு, கிர்ர்ர்... சீட்டு வர ஆரம்பித்தது.

"அடிச்சிட்டா!" என்று வோல்டர் வாயைத் திறக்கவும், சீட்டின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடி, தாள் தீர்ந்து, மிஷின் நின்றது. தாள் சுருளை மாற்றவும் என்றது திரை.

"நேத்துத்தான் மாத்தினேன்!" ஹார்மினா மிஷினை உலுக்கினாள். "இன்னிக்கு அத்தனை பேரும் சீட்டு கேட்டாங்க..."

"கடையில சுருள் இருக்குல்ல?" என்றார் பூக்காரர்.

"கடை அந்தக் கரையில இருக்கு!"

நஜாத் அதற்குள் தன் மிஷினின் முதுகைத் திறந்துவிட்டாள். உள்ளே இருந்த சுருளை உருவி ஹார்மினாவின் மிஷினில் போட்டு, மூடியைத் தட்டினாள். "ஒரே மாடல்தாங்க. பயப்படாதீங்க. விட்ட இடத்துல இருந்து அடிக்கும்."

அடித்தது. நீளமாக, நிதானமாக, காற்றில் வால் ஆட்டிக்கொண்டு சீட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் நாளின் மொத்தத் தொகை வந்தது. அதற்குக் கீழே, அனுப்பப்பட்டது, சனி. ஹார்மினா கிழமையை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, சந்தையில் மீன் கூவுகிற அதே குரலில், "முடிஞ்சிடுச்சூ!" என்று கத்தினாள். பூங்காவில் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன.

"ஹார்மினா மணி அடிச்சிட்டா!" என்று வோல்டர் கத்தினான். எல்லோரும் இறங்கினார்கள். புல்வெளியில் ஏழெட்டு மிஷின்கள் கிர்ரிட்டன. நஜாத்துக்கு மட்டும் தாள் இல்லை. ஹார்மினாவின் மிஷினில் மிச்சம் இருந்ததைத் திருப்பி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

சீட்டின் அடியில் இன்னொரு வரி இருந்ததை நஜாத்தான் கவனித்தாள். "ஒண்ணே ஒண்ணு திரும்பியிருக்குங்க. கேக்காம வாங்கினதுல ஒருத்தர் கணக்குல பணம் இல்லையாம். மதியம் மூணு ஹாரிங், ஒரு தட்டு வறுத்த மீன்."

"ஊரே சாப்பிட்ட நாள்ல ஒண்ணுதானா? புண்ணியவான் நல்லா இருக்கட்டும்," என்றாள் ஹார்மினா. "மூணு ஹாரிங்கும் வறுத்ததும் சேத்துச் சாப்பிடறதுன்னா பெரிய வயிறாத்தான் இருக்கணும். யாரா இருக்கும்?"

எல்லோரும் யோசித்தார்கள். வோல்டர் மட்டும் ஆற்றில் போன வாத்துகளை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வோல்டர்."

"என்ன அழகான வாத்து பாரேன்."

"வோல்டர்! நீ மதியம் கார்டுலதானே குடுத்தே?"

"என் பொண்டாட்டி நேத்து சோபா வாங்கிட்டா," என்றான் அவன். காது நுனி வரை சிவந்திருந்தது. "திங்கக்கிழமை சம்பளம்... அதாவது, என் மூட்டை வந்துடும். வந்ததும்..."

"இருபது வருஷமா மீன் நாத்தம், மீன் நாத்தம்னு சொல்லிட்டு, ஓசியில மூணு ஹாரிங்கா?"

"ஓசின்னு தெரிஞ்சிருந்தா நாலு சாப்பிட்டிருப்பேன்!"

அங்கே எழுந்த சிரிப்பில் எக்பெர்ட் கூடத் தாடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். வோல்டர் ஒரு வழிக்கு வந்து, திங்கள் வரை பொறுக்க வேண்டாம், கடையில் இருக்கிற சக்கரம் போல வட்டமான நாள்பட்ட நல்ல கட்டியில் ஒரு கால் சக்கரம் தருகிறேன் என்றான். அரைச் சக்கரம் என்றாள் ஹார்மினா. வறுத்த மீனில் உப்பு குறைவு, அதனால் கால் என்றான் அவன். கடைசியில் அரைச் சக்கரத்தில் முடிந்தது. அப்படியும், "இப்பவே போய் எடுத்துக் குடுத்துடு. நாளைக்கு நான் கட்டி கூட வாங்க மாட்டேன்," என்றாள்.

எக்பெர்ட் எஞ்சினைக் கிளப்பினார். "வர்றவங்க ஏறுங்க. இந்தக் கரையில இருந்து காசு. மிஷின் நல்லா அடிக்குது, சாக்கு சொல்ல முடியாது."

எல்லோரும் ஏறினார்கள். வோல்டர் நஜாத்திடம் டிக்கெட்டுக்குக் கடன் கேட்டுக்கொண்டிருந்தான். ஹார்மினா மட்டும் கரையிலேயே நின்றாள். நாள் கணக்கு முடிந்துவிட்டது. இனி ஒரு டிக்கெட் வாங்கினாலும் அது புதுக் கணக்கு; அதை இன்றைக்குத் தொடங்க அவளுக்கு மனம் இல்லை. வெயில் இன்னும் உயரத்தில் இருந்தது. சனிக்கிழமையில் இன்னும் ஒரு நல்ல துண்டு மிச்சம் இருந்தது.

"நீங்க போங்க," என்றாள். மிஷினை அணைத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நான் பாலத்து வழியா மெதுவா நடந்து வர்றேன்."

"கடையைக் கட்ட வேண்டாமா?" என்று படகிலிருந்து வோல்டர் கத்தினான்.

"நீதான் மூணு ஹாரிங் தின்ன ஆளாச்சே, நீ கட்டு!"

படகு நகர்ந்து ஆற்றுக்குள் போனது. ஹார்மினா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கரையோரப் புல்லில் பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். உர்க்கில் ஞாயிறு காலையில் பாடுகிற பாட்டு ஒன்று வாயில் வந்தது. கோயிலுக்குள் பாடுகிற குரலில் இல்லை, மீன் விற்கிற குரலில்.